மூன்று நாள் ராஜா

அந்தச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் நாலுமூலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டிலும் மருத்துவ அட்டையிலும் மட்டும் குடியிருந்தது. படுக்கை விரிப்பை மடித்தால் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்றாக, மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும் அவருக்கு. பிசகினால் உதறிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். நாளொன்றுக்கு எண்ணூறு விரிப்பு மடிக்கிற இடத்தில் இதெல்லாம் வேண்டாத வேலை. "ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்கப் போறவன் ஸ்கேல் வச்சா அளக்கப் போறான்?" என்று கேட்டவர்கள் எல்லாரும் கேட்டு அலுத்து, கடைசியில் பட்டப்பெயரை வைத்துவிட்டு ஓய்ந்தார்கள்.

விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவர் தும்மல். பஞ்சுத்தூசி மூக்கில் ஏறி, காலை முதல் மாலை வரை தும்மியே காலம் தள்ளுகிற மனிதர். பதினோரு வருடமாக இருவரும் எதிரெதிரே நின்று, விரிப்பைப் பிடித்தபடி பின்னால் போவதும் முன்னால் வருவதுமாக இருக்கிறார்கள். "பொண்டாட்டி முகத்தைவிட இவன் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கேன்" என்பார் நாலுமூலை. கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. அது நிஜம்.

ஆஸ்பத்திரிகளுக்கு விடுமுறை கிடையாது. தங்கும் விடுதிகளுக்கும் கிடையாது. ஆகவே அழுக்குக்கும் கிடையாது. காலண்டரில் சிவப்பு எழுத்தில் தேதி போட்டிருக்கும் நாட்களில் ஊரே கடையைச் சாத்திக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருக்கும். இங்கே மட்டும் லாரி வந்து மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகும். அந்த நாளுக்கும் மற்ற நாளுக்கும் கூலியில் ஒரு வித்தியாசமும் இல்லை. வராமல் இருந்தால் அந்த நாள் கூலி இல்லை, அவ்வளவுதான் கணக்கு. பத்தொன்பது வருடத்தில் ஒரு சிவப்பு எழுத்து நாளில்கூட நாலுமூலை வீட்டில் இருந்ததில்லை.

ஆனால் ஒன்று இருந்தது. அதை அவர்கள் ராஜா லீவு என்றார்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, பதினோரு மாதம் முடிகிற சமயத்தில், சூப்பர்வைசர் ஆளைத் தனியே கூப்பிடுவார். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டுவார். போட்டால் மூன்று நாள் வீட்டில் இருக்கலாம். கூலி கிடையாது, ஆனால் வேலை போகாது. நான்காம் நாள் வந்து இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பழைய இடத்திலேயே நிற்கலாம். மற்ற கம்பெனிகளில் இந்த மூன்று நாள்கூடக் கிடைக்காது என்று அங்கே எல்லாருக்கும் ஒரு பெருமை. கிளம்புகிறவரின் தோளில் புதிதாய் வெளுத்த விரிப்பு ஒன்றைச் சால்வையாகப் போர்த்தி, துணி தள்ளுகிற வண்டியில் உட்கார வைத்து, "ராஜா வர்றார், வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே வாசல் கேட் வரை தள்ளிக்கொண்டு போவார்கள். கேட்டில் நிற்கிற காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். ராஜா இறங்கி, விரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார்.

அந்த மூன்று நாளில் நாலுமூலை செய்த காரியங்கள் அந்த வீட்டில் இன்றும் இருக்கின்றன. ஒரு வருடம் சமையலறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஒரு வருடம் கதவின் கீழ்க்கீலை மாற்றினார். ஒரு வருடம் மட்டும் ஒன்றும் செய்யாமல் மூன்று நாளும் தூங்கினார்; அதற்காக அவர் மனைவி இன்றைக்கும் அவரைச் சும்மா விடுவதில்லை.

மனைவியைத் தெருவில் எல்லாரும் தையல்காரம்மா என்பார்கள். ஜன்னலோரம் மிதி மெஷின் போட்டு, கடைகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பவர். பிள்ளை இல்லை. அவருக்கு ஒரே ஒரு தங்கை, அவளும் இரண்டு நாள் பயண தூரத்தில், மூன்று சின்னஞ்சிறுசுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள்.

ஒருநாள் தையல்காரம்மா கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இடது கால் வெறும் காலாக இருந்தது. தெருவில் விளையாடிய பிள்ளைகள் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று அவரால் சொல்ல முடியவில்லை. நாலுமூலை அன்று மாலை வந்ததும் அவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "கால் வயசாகி மரத்துப் போச்சுங்க. செருப்பு கழண்டதுகூடத் தெரியாம அரை தெரு நடந்திருக்கேன்." நாலுமூலைக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை மிதிக்கும்போது அந்தக் கால் நழுவி நழுவி விழுவதை அவர் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேட்கப் பயந்துகொண்டு கேட்காமல் இருந்தார்.

கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை இருந்தது. அவருக்கும் மனைவிக்கும் சேர்த்துச் செல்லும். சம்பளத்தில் மாதாமாதம் அதற்குப் பிடித்தமும் உண்டு. அந்த அட்டையோடு போனது, அவர் யாருக்காக விரிப்பு மடிக்கிறாரோ அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முதுகெலும்புக்குள் நரம்பை ஏதோ நசுக்கிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும்.

"ஒரு மாசத்துக்குள்ள பண்ணிடணும். தள்ளிப் போட்டா இந்தக் கால் திரும்பி வராது. அடுத்த காலுக்கும் இறங்கும்" என்றார் டாக்டர். "ஆபரேஷன் முடிஞ்சு பதினஞ்சு நாள் ராப்பகலா கூட ஒருத்தர் இருக்கணும். புரட்டிப் படுக்க வைக்கணும், தூக்கி உட்கார வைக்கணும். யார் இருக்கப் போறாங்க?"

"நான்தான்" என்றார் நாலுமூலை. சொன்ன பிறகுதான் அவருக்குப் பதினைந்து என்ற எண் உறைத்தது. நான்கு நாள் சேர்ந்தாற்போல் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயரை அடித்தால் அட்டை போய்விடும். அட்டை போனால் ஆபரேஷன் ஏது?

வெளியே வந்ததும் தையல்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். "நீங்க மடிச்ச விரிப்புலதான் என்னைப் படுக்க வைப்பாங்க, இல்ல? மூலை சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் படுப்பேன்" என்றார்.

மறுநாள் நாலுமூலையின் மூலைகள் பிசகின. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவையும் பிசகியபோது தும்மல் விரிப்பைக் கீழே விட்டுவிட்டார். "என்னண்ணே, உடம்புக்கு என்ன?"

நாலுமூலை எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. பத்தொன்பது வருடமாகத் தொங்குகிறது. இஸ்திரி உருளையிலிருந்து வருகிற ஆவி அதன்மேல் படிந்து படிந்து, உள்ளே காகிதம் இருப்பது தெரியும், எழுத்து தெரியாது. யாரோ அதன் மூலையில் தங்கள் சோப்புப் பையைக்கூட மாட்டி வைத்திருந்தார்கள். அன்று என்ன தோன்றியதோ, நாலுமூலை ஈரத்துண்டை எடுத்துப் போய் அந்தக் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார்.

தமிழில்தான் எழுதியிருந்தது. தொழிலாளிக்குப் புரிகிற மொழியில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்ட வேண்டும் என்பது சட்டமாம். அதையும் அதிலேயே எழுதியிருந்தார்கள். அரசு விடுமுறை நாட்களில் சம்பளத்துடன் ஓய்வு. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒவ்வொருவருக்கும், வருடத்துக்குப் பதினான்கு நாள், சம்பளத்துடன் விடுப்பு.

அவர் பதினான்கை விரலால் தொட்டுப் பார்த்தார். பதினான்கும், வார ஓய்வு ஒன்றும் சேர்த்தால் பதினைந்து. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு எத்தனை பதினான்கு என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. அவர் அதை அதட்டி நிறுத்தினார். அத்தனையும் எதற்கு, ஒரே ஒரு பதினான்கு போதும். மனிதர் பேராசைக்காரர் இல்லை, அதுதான் அவருடைய பெரிய குறை என்று நான் சொல்வேன்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். அவரும் இதே கூடத்தில் இஸ்திரி போட்டவர்தான். முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்பு இன்னும் பளபளக்கும். நாலுமூலை சொன்னதைக் கேட்டு அவர் கண் கலங்கினார். கண்ணாடிச் சட்டத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கையை ஆட்டினார்.

"அது எல்லாம் இன்ஸ்பெக்டர் வந்தா காட்டறதுக்கு மாட்டி வச்சது. மேல போய்க் கேட்டீங்கன்னா மனு எழுது, காத்திரு, அந்தக் கையெழுத்து இந்தக் கையெழுத்துன்னு ஆறு மாசம் இழுப்பாங்க. உங்களுக்கு அவ்வளவு நாள் இருக்கா?"

"இல்லையே."

"நான் ஒண்ணு பண்றேன். உங்க ராஜா லீவு அடுத்த மாசம்தானே வருது? அதை இப்பவே குடுத்துடறேன். மூணு நாளை பதினஞ்சுன்னு எழுதிடறேன். இதுவரைக்கும் யாருக்கும் இப்படிக் குடுத்ததில்ல. உங்களுக்காக நான் பேசறேன்."

அங்கேயே நின்றபடி மேலே ஆபீசுக்குப் போன் செய்தார். மேலே உடனே சரி என்றார்கள். எதற்கெடுத்தாலும் நாள் கடத்துகிற ஆபீஸ், இதற்கு மட்டும் ஒரு நிமிடத்தில் சரி என்றபோதே இரண்டு பேரில் ஒருவருக்காவது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. சூப்பர்வைசர் ஜெயித்த முகத்தோடு போனை வைத்தார். நாலுமூலை அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அது வெள்ளிக்கிழமை. அன்று மாலை தும்மல் கொண்டாடித் தீர்த்துவிட்டார். ஒன்றுக்கு இரண்டு விரிப்பைப் போர்த்தினார்கள். வண்டியில் உட்கார வைத்து, "மூணு நாள் ராஜா இல்ல, பதினஞ்சு நாள் சக்கரவர்த்தி!" என்று கூடமே அதிரக் கத்தினார்கள். உருளைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து கை தட்டினார்கள். "அண்ணி நடந்து வந்து எங்களுக்கு டீ போட்டுத் தரணும், சொல்லிடுங்க" என்றார் தும்மல், ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவே. காவலாளி வழக்கத்தைவிட நீளமாகச் சல்யூட் வைத்தார். நாலுமூலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இறங்கியதும் விரிப்புகள் இரண்டையும் நாலு மூலையும் சேர மடித்துத்தான் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். தையல்காரம்மாவை அதில் உட்கார வைத்து, மடியில் துணிப்பையை வைத்து, அவரே தள்ளிக்கொண்டு போனார். அனுமதிக் கவுன்ட்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கித் தேய்த்தாள். இன்னொரு தடவை தேய்த்தாள்.

"சார், இது வெள்ளிக்கிழமையோட முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போறதுக்கு அது என்ன பால் பாக்கெட்டாம்மா? பத்தொன்பது வருஷமா அங்கதான் இருக்கேன். நல்லாப் பாரு."

அவள் நல்ல பெண். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு வரியில் விரலை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்க வேலையை விட்டுட்டதா காட்டுது சார். வேலையை விட்ட தேதி, வெள்ளிக்கிழமை."

அட்டை இல்லாமல் கட்ட வேண்டிய தொகையையும் சொன்னாள். அதை இங்கே எழுதி ஆகப் போவது ஒன்றுமில்லை; சோறு தண்ணீர் இல்லாமல் ஐந்து வருடம் விரிப்பு மடித்தால் சேரலாம். நாலுமூலை மனைவியை லிஃப்டுக்குப் பக்கத்தில், காற்று வருகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார். "ஒரு சின்னக் காகிதம் குறையுதாம். ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

சலவைக்கூடத்தின் மாடியில் ஆபீஸ். அங்கே ஒரு கிளார்க் அம்மா. வருடா வருடம் நான்காம் நாளில் காகிதம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து வந்து மேசைமேல் பரப்பினார். பணி அட்டைகள். ஒவ்வொன்றிலும் நாலுமூலையின் போட்டோ. ஒன்றில் மீசை கறுப்பு, ஒன்றில் பாதி நரை, ஒன்றில் மீசையே இல்லை. இருபத்தோரு அட்டைகள்.

"ஒவ்வொண்ணா பாருங்க. சேர்ந்த தேதி, விலகின தேதி. எல்லாமே பதினோரு மாசம்தான். கடைசி ஒண்ணு பத்து மாசம்."

"விலகின தேதியா? நான் எப்பம்மா விலகினேன்? அது ராஜா லீவு."

"நீங்க அப்படிச் சொல்றீங்க. காகிதத்துல, சொந்த விருப்பத்துல விலகறேன்னு இருக்கு. கீழ உங்க கையெழுத்து." கிளார்க் அம்மா கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். "பன்னண்டு மாசம் ஆயிட்டா அந்தக் கண்ணாடிக்குள்ள எழுதியிருக்கறதை எல்லாம் குடுத்தாகணும். சிவப்பு நாளுக்குச் சம்பளம், பதினாலு நாள் லீவு, எல்லாம். அதனாலதான் பதினொண்ணுல முடிச்சுடறாங்க. நீங்க இங்க பத்தொன்பது வருஷமா இருக்கீங்க. ஆனா ஒரு வருஷம்கூட வேலை செய்யல."

நாலுமூலை அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சல்யூட் ஞாபகம் வந்தது. வருடா வருடம் வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். வருடா வருடம் இவர் சால்வை போர்த்திக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே போயிருக்கிறார். உடம்பெல்லாம் கூசியது. மூன்று வருடத்துக்கு முன் உருளைக்காரர் ஒருவரின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது அட்டை செல்லவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி மெஷின் கோளாறு என்று எல்லாரும் சேர்ந்து திட்டினார்கள். ராஜா லீவு முடிந்து அந்த ஆள் திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"சரி, தப்புதான். இப்பவே திரும்பச் சேர்த்துக்கோங்க. இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

"இடைவெளி பதினஞ்சு நாள்னு ஏத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் உங்க பேரை எடுத்துக்காது. மூணு நாள்னு இருந்தா நாளைக்கே சேர்த்திருப்பேன்." அவர் தயங்கினார். "சேர்ந்தாலும் அட்டை தொண்ணூறு நாள் கழிச்சுத்தான் உயிர் பெறும். புதுசா சேர்றவங்களுக்கு அதுதான் விதி."

"வேற எங்கயாவது போய்ச் சொன்னா?"

"சொல்லலாம். கேஸ் நடக்கும். நாலஞ்சு வருஷம் ஆகும். முதல்ல கேக்கறது, இது யார் கையெழுத்துன்னுதான்."

இதற்குள் சூப்பர்வைசர் படியேறி வந்து கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "நானும் வருஷா வருஷம் போடறேனேம்மா கையெழுத்து" என்றார். கிளார்க் அம்மா அலமாரியிலிருந்து இன்னொரு கட்டை எடுத்து வைத்தார். அது நாலுமூலையின் கட்டைவிடத் தடிமனாக இருந்தது. சூப்பர்வைசர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலுமூலைக்கு அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போல வந்தது. வாயைத் திறந்தார். இந்த ஆள் தனக்கு நல்லது செய்யத்தான் மூன்றைப் பதினைந்தாக்கினான் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார். திட்டக்கூட ஆள் கிடைக்காத கஷ்டம் என்று ஒன்று உண்டு. அது மற்ற கஷ்டங்களைவிட மோசம்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மணி இரண்டு. தையல்காரம்மா நிறுத்திய இடத்திலேயே, நிறுத்திய மாதிரியே உட்கார்ந்திருந்தார். நாற்காலியைத் திருப்பிக் கேட்டு ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"டாக்டர் ஊர்ல இல்லையாம். தேதி தள்ளிப் போயிருக்கு" என்றார் நாலுமூலை.

தையல்காரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. அடுப்பு மேடையைத் துடைக்காம வந்துட்டேன்னு காலையில இருந்து எனக்கு அதே ஞாபகம்" என்றார். நாலுமூலை நாற்காலியை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து, அங்கே அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

பதினைந்து நாள் லீவு கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. முதல் மூன்று நாள் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் போனது. அங்கே ஏழு மாதம் கழித்து ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு பேரிடம் கடன் கேட்டார். இரண்டு பேரும் இவரைவிட மோசமான நிலையில் இருந்ததால் அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் போக இடமில்லை. வீட்டில் இருந்தார்.

வீடு அவருக்குப் புதிதாக இருந்தது. காலை பத்து மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து மெஷின்மேல் விழும் என்பது அவருக்குத் தெரியாது. பதினோரு மணிக்கு எதிர்வீட்டில் வானொலி பாடும் என்பதும் தெரியாது. தைக்க வேண்டிய உறைகள் தேங்கிக் கிடந்தன. தையல்காரம்மா துணியைப் பிடித்துக்கொள்ள, நாலுமூலை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மெஷினை மிதித்தார். வேகம் கூடினால், "மெதுவா, மெதுவா! இது என்ன ரேஸா?" என்று அவர் கையில் ஓர் அடி விழும். நின்றுபோனால், "தூங்கிட்டீங்களா? அந்த வருஷம் மாதிரி" என்று பழைய கதை வரும். இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு இருபது உறை முடித்தார்கள். அவற்றை நாலுமூலை மூலை பார்த்துப் பார்த்து மடித்து வைத்தார்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நீங்க சேர்ந்தாப்ல இவ்வளவு நாள் வீட்ல இருந்ததே இல்ல" என்றார் ஒருநாள் தையல்காரம்மா. "இப்படி லீவு குடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ படுத்திருப்பேன்."

நாலுமூலை சிரித்தார். சிரித்து முடித்ததும் குடிக்கத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய், தான் சுண்ணாம்பு அடித்த சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தார். தினமும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை சால்வை போர்த்திக்கொண்டு வண்டியில் வந்ததைப் போன வாரம்தான் அவளிடம் நடித்தே காட்டியிருந்தார். அந்த வண்டியில் தன்னோடு அவள் காலையும் ஏற்றித்தான் வெளியே தள்ளினார்கள் என்பதை எந்த வாயால் சொல்வது?

பதினோராம் நாள் காலை தையல்காரம்மா கட்டிலிலிருந்து இறங்கியபோது வலது கால் செருப்பும் நிற்கவில்லை. குனிந்து அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு சுவரைப் பிடித்து நடந்தார். நாலுமூலை பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் அவர் மறுநாளைக்கான சட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது தையல்காரம்மா கூப்பிட்டார்.

"என்னங்க."

"சொல்லு."

"டாக்டர் தேதி குடுக்கலன்னா விட்டுடுங்க. இனிமே போய் யார்கிட்டயும் கெஞ்சாதீங்க. நீங்க கெஞ்சி நான் பார்த்ததில்ல. பார்க்க வேண்டாம்." மெஷினைக் காட்டி, "அந்தக் கட்டிலை மெஷின் பக்கத்துல இழுத்துப் போட்டுட்டுப் போங்க. கையால சுத்தற மாதிரி ஒரு பிடி மாட்டினா நான் உட்கார்ந்துக்கிட்டே தைப்பேன்" என்றார்.

அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும், எவ்வளவு தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கட்டிலை இழுத்துப் போட்டார்.

பதினாறாம் நாள் காலை மாடி ஆபீசில் கிளார்க் அம்மா புதுக் காகிதத்தை எடுத்து வைத்தார். வழக்கமாக அவரே எல்லாம் நிரப்பி, கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் நீட்டுவார். நாலுமூலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை ஒவ்வொரு வரியா படிச்சுச் சொல்லுங்கம்மா. என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடறேன்."

கிளார்க் அம்மா படித்தார். பெயர். வயது. முகவரி. என்ன வேலை. கல்யாணம் ஆனவரா. நாலுமூலை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே வந்தார். ஆறாவது வரியில் பேனா நின்றது.

"இதுக்கு முன்னாடி இங்க வேலை செஞ்சிருக்கீங்களா?"

கீழே உருளை ஓடுகிற சத்தம் கேட்டது. தும்மல் தும்முவதும் கேட்டது. மறுமுனையில் இந்தப் பதினைந்து நாளாக யாரோ ஒருவர் நின்று, மூலை பிசகப் பிசக மடித்திருப்பார்கள்.

"எப்பவும் என்னம்மா எழுதுவீங்க?"

"இல்லைன்னு எழுதுவேன்."

"ஆமான்னு எழுதினா?"

"மேல இருந்து திரும்பி வந்துடும். சேர்க்க மாட்டாங்க."

டாக்டர் சொன்ன ஒரு மாதத்தில் மிச்சம் பத்து நாள். அட்டைக்குத் தொண்ணூறு நாள். இரண்டு எண்ணையும் அவர் எந்தப் பக்கம் மடித்துப் பார்த்தும் மூலை சேரவில்லை. ஆனால் இன்று கையெழுத்துப் போடாவிட்டால் அந்தத் தொண்ணூறும் ஆரம்பிக்காது. கால் போனாலும் அவளுக்கு வேறு உறுப்புகள் இருக்கின்றன. மருந்து வேண்டும். சோறு வேண்டும்.

"எழுதுங்கம்மா" என்றார்.

கிளார்க் அம்மா எழுதினார். நாலுமூலை கையெழுத்துப் போட்டார். போட்டோ ஒட்டிய இருபத்திரண்டாவது அட்டையைக் கிளார்க் அம்மா நீட்டியபோது, சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு, சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் சொன்னார்.

"நாளைக்கு அரசு விடுமுறை. புதுசா சேர்ந்தவங்களுக்கு அதுக்குச் சம்பளம் கிடையாது. லாரி மட்டும் வரும். நீங்க வருவீங்களா?"

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு நாலுமூலை கீழே இறங்கினார்.